ஜூலை முதல் ஞாயிறு வரை

குரோம்பேட்டையில் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அரிகிருஷ்ணன் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் இரண்டு டீ சொன்னார். கோகிலவாணி பக்கத்தில் வந்து நின்றாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவளும் கேட்டிருந்தாள். கூட யாராவது வந்தால்தான் விவரம் சொல்வேன் என்று போன வாரம் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டதால், இந்த முறை அவளை அழைத்து வந்திருந்தார்.

"முனியம்மாகிட்ட சொல்லாத வாணி," என்றார்.

"அண்ணிகிட்ட எப்டிண்ணா சொல்லாம இருக்கறது? வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் குடுக்க வேணாமா?"

"நானே போட்டுக்கறேன். ஜூலை வரைக்கும்தான். ஜூலை முதல் ஞாயித்துக்கெழமை உன் கழுத்துல தலைவர் காலரைப் போட்டுட்டேன்னா, அப்புறம் ஊருக்கே சொல்லிக்கலாம். அது வரைக்கும் எப்டியாவது என்னை இழுத்துகினு போயிடும்மா."

அப்போது ஜனவரி மாதம். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், திரும்பி வராது, மாத்திரை போட்டால் போகிற வேகம் குறையலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரிகிருஷ்ணனுக்கு அறுபத்தாறு வயது.

அஸ்தினாபுரம் மக்கள் சேவை சங்கத்துக்கு அந்த வருடம் அவர்தான் தலைவர், ஜூலையில் அடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பகுதியின் பழைய குடும்பம். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது மூன்று தெருக்கள் இருக்கின்றன, வாடகை வருகிறது. கண் பரிசோதனை முகாம், ரத்ததானம், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை என்று எது நடந்தாலும் விடியற்காலையில் வந்து நாற்காலி போடுகிற ஆள் அவர்தான். கோகிலவாணி கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து, ராதா நகரில் தையல் கடை வைத்திருந்தாள். சங்கத்தின் இலவசத் தையல் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள், உறுப்பினராகி, செயலாளரும் ஆனாள். டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் முதல் மாடி வரை தண்ணீர் நின்றபோது, அவள் அப்பா கோதண்டத்துக்குப் போன் போட்டு, கோவளத்திலிருந்து நான்கு படகுகளை லாரியில் ஏற்றி வரவைத்தாள். மூன்று நாள் அவளும் படகிலேயே இருந்தாள்.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்த கூட்டத்தில், அடுத்த தலைவராகக் கோகிலவாணி பெயரை அரிகிருஷ்ணன் முன்மொழிந்தார். முறைப்படி அது துணைத் தலைவர் தினகரனுக்கு வரவேண்டிய பதவி. தினகரன் ஹார்டுவேர் கடைக்காரர், பன்னிரண்டு வருட உறுப்பினர். அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. அரிகிருஷ்ணன் சொன்னபிறகு எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் மனம் வரவில்லை.

விஷயம் இப்போது வெளியே தெரிந்தால், புத்தி சரியில்லாத நேரத்தில் சொன்ன பேர் என்று சொல்லி மறுபடி தேர்தல் வைத்துவிடுவார்கள் என்று அரிகிருஷ்ணன் பயந்தார். கோகிலவாணிக்கும் அது புரிந்தது. அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறோமா, தனக்காகவா என்று அவள் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் எதுவாக இருந்தாலும் டீக்கடையிலேயே அவருக்குச் சத்தியம் செய்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். எதிரே யாராவது எழுந்தால் "சுந்தர்சிங் சார், போன மாசம் பேரன் பொறந்தான்" என்று காதோரம் சொல்வாள். அவர் உடனே முகம் மலர்ந்து, "வாங்க சுந்தர்சிங், பேரன் எப்டி கீறான்?" என்பார். பேச வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். காலையிலும் மாலையிலும் போன் செய்வாள்.

"மாத்திரை போட்டீங்களாண்ணா?"

"போட்டேம்மா."

சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. படப்பை மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருக்கிறவர்.

"மேடம், செயலாளர் கோகிலவாணின்னு பத்திரிகைல நம்பர் போட்டுகீது, நீங்கதானா? இங்க ஒரு பெரியவர் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் இந்தப் பத்திரிகையைக் குடுத்துகினு நிக்கிறாரு. வூடு எங்கன்னு கேட்டா தெர்லன்றாரு. வெயில்ல மயக்கமா வர்ற மாரி கீது."

பெருங்களத்தூரில் இரண்டு பேருக்குப் பதவியேற்பு விழா அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலை ஒன்பது மணிக்கு அவர் கிளம்பியிருந்தார். கோகிலவாணி ஒரு ஆட்டோவைப் பிடித்து, நேரே அவர் வீட்டுக்குப் போய் முனியம்மாவையும் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் முனியம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். "படப்பைக்கு இவரு எதுக்குப் போனாரு? அங்க யாரு கீறாங்க?" கோகிலவாணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழக்கடை நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் ஏழெட்டு அழைப்பிதழ் மிச்சம். மனைவியைப் பார்த்ததும், "வந்துட்டியா? இவங்கள்லாம் விழாவுக்கு வர்றேன்னு சொல்லிட்டாங்க," என்றார். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். ஏன் அழுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவருடைய ஸ்கூட்டர் சற்றுத் தள்ளி நின்றது. குடிக்கத் தண்ணீர் பாட்டில் இருக்குமா என்று முனியம்மா சீட்டைத் தூக்கினாள். உள்ளே மருந்துக் கடைப் பைகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று ஐந்து மாதத்து மாத்திரை அட்டைகள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இது இன்னாது?" என்றாள் முனியம்மா.

கோகிலவாணி சொன்னாள். டாக்டரிடம் போனது, டீக்கடையில் சத்தியம் செய்தது, தினமும் போன் செய்து கேட்டது எல்லாவற்றையும் நடுரோட்டில் நின்றபடி சொன்னாள்.

முனியம்மா கத்தவில்லை. "நாப்பத்தோரு வருசம்," என்றாள். "இவருக்கு உப்பு தூக்கலா வோணுமா கம்மியா வோணுமான்னு மொகத்தைப் பாத்து சொல்லுவேன். ஆறு மாசமா சாவி எங்க, கண்ணாடி எங்கன்னு கேக்க சொல்ல, வயசாயிப் போச்சுன்னு திட்டிகினே இருந்தேன்டி. தெரிஞ்சிருந்தா திட்டியிருப்பனா? அந்த மாத்திரைய நான் வாயில போட்டு தண்ணி ஊத்தியிருக்க மாட்டனா?"

"அண்ணி, அவருதான் சொல்லவேணாம்னு..."

"அவருக்கு ஒடம்பு சரியில்ல. உனக்கு இன்னா?"

முனியம்மா கணவரை ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். "நீ பஸ்ல வா," என்றாள்.

மறுநாளே சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான்காம் நாள் தினகரன் தையல் கடைக்கு வந்தார். துணி அளந்துகொண்டிருந்த பெண் போகும்வரை வாசலிலேயே நின்றார்.

"நேராவே கேக்கறேன் மேடம். டிசம்பர்ல உங்க பேரைச் சொன்னப்ப அவர் நல்லாத்தான் இருந்தாரா?"

நல்லாத்தான் இருந்தாரு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. "தெரியல சார். அன்னிக்கு பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை என் பேரை என்கிட்டயே கேட்டாரு. ஆனா படகு வந்தது, யாரை எந்த வீட்லருந்து எறக்கனோம், எல்லாம் சரியா சொன்னாரு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நான் வெலகிக்கறேன் சார். மொறையா உங்களுக்கு வரவேண்டியதுதான்."

தினகரன் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அதைக் கேட்டு வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன், பொய் சொல்லல," என்றார். "இன்னிக்குக் காலைல மட்டும் அவர் எனக்கு நாலு போன். நாலும் ஒரே கேள்விதான். வாணிக்கு மாலை சொல்லிட்டியா தினகரா? எல்லாம் போயிட்டு வருது மேடம், இது ஒண்ணு மட்டும் நிக்குது. அதுல போய் நான் எப்படிக் கை வைக்கறது?"

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் விழா. நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். கோதண்டம் கோவளத்திலிருந்து வெள்ளை வேட்டியில் வந்து, மகளைப் பார்க்க முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முனியம்மா வருவாளா என்று கோகிலவாணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தாள். கணவரின் கையைப் பிடித்து மேடைப்படி வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கோகிலவாணியைப் பார்க்காமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அரிகிருஷ்ணன் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். கழுத்தில் நீலப் பட்டை, அதில் பித்தளை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பழைய தலைவரின் பெயர். அதைத்தான் சங்கத்தில் காலர் என்பார்கள். ஆண்டறிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் படித்தார். கைத்தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. கோகிலவாணிக்கு ஒரு கணம், டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

"இப்போது நமது தலைவர், புதிய தலைவருக்குக் காலர் அணிவிப்பார்," என்று தினகரன் மைக்கில் அறிவித்தார்.

கோகிலவாணி அவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. இதுவரை அவர் அவளைப் பருத்திப் புடவையில்தான் பார்த்திருக்கிறார். அவர் காலரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். போடவில்லை. அவள் நிமிர்ந்தாள். அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"கொஞ்சம் இருங்கம்மா. இது வாணிக்குப் போடணும்."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான்தாண்ணா வாணி."

"இல்லம்மா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு வாக்கு குடுத்துருக்கேன். வெள்ளத்துல மூணு நாள் தண்ணில நின்ன பொண்ணு. வந்துடுவா." அவர் கூட்டத்தைப் பார்த்தார். "வாணி வந்துட்டாளா? யாராச்சும் ஒரு போன் போடுங்களேன்."

யாரும் அசையவில்லை. அவர் காலரை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தினகரன் பக்கத்தில் வந்து, "அண்ணா, இவங்கதான்" என்று தோளைத் தொட்டார். அரிகிருஷ்ணன் வெடுக்கென்று பின்னால் நகர்ந்தார். முகத்தில் பயம் வந்தது.

"என்கிட்டருந்து வாங்கி வேற யாருக்காவது போட்டுடுவீங்க. எனக்குத் தெரியும். குடுக்க மாட்டேன்."

கோகிலவாணி மேடையில் நின்று அழுதாள். மறைக்கவும் முயலவில்லை. அவள் அழுவதைப் பார்த்து அவர் கலங்கி, "அழாதீங்கம்மா, உங்களுக்கும் ஒரு வருசம் வரும்" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து முனியம்மா எழுந்து வந்தாள். அவ்வளவு பேருக்கு நடுவில், அவசரப்படாமல், புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் படியேறினாள்.

"இன்னாங்க, அதை என்கிட்ட குடுங்க."

"வாணிக்குடி அது."

"தெரியும். நான் குடுக்கறேன் வாணிகிட்ட. என்னை நம்ப மாட்டீங்களா?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கொடுத்துவிட்டார். முனியம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். காலரைக் கொண்டுவந்து கோகிலவாணியின் கையில் வைத்தாள், கழுத்தில் போடவில்லை. "கட்டிக்கோ" என்று மட்டும் சொன்னாள். கோகிலவாணி தானே அணிந்துகொண்டாள். யார் முதலில் தட்டினார்கள் என்று தெரியவில்லை, கைத்தட்டல் வந்தது. அரிகிருஷ்ணனும் தட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். முனியம்மா கேட்டைத் திறக்காமல் உள்ளே இருந்தே பேசினாள்.

"உன்னைப் பாத்தா மீட்டிங்னு நெனைச்சு சட்டையப் போட்டுகினு கெளம்பிடுவாரு. அப்புறம் சாயந்தரம் வரைக்கும் அடக்க முடியாது. வராத."

"அண்ணி, மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தா..."

"டாக்டரைக் கேட்டேன். அப்பவும் இப்டித்தான் ஆயிருக்கும், கொஞ்ச நாள் தள்ளிப் போயிருக்கும்னாரு. அந்தக் கொஞ்ச நாளுதான் எனக்கு வோணும்." கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். "நீ கெட்டவ இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா கோவம் போவல. போனா நானே கூப்புடறேன்."

கோகிலவாணி போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தைத்தாள். ஆகஸ்டில் கண் முகாம் நடத்தினாள். விடியற்காலையில் போய் நாற்காலி போட்டாள். தினகரன் கூடவே நின்று எல்லா வேலையும் செய்தார். ஆயுத பூஜை போயிற்று, தீபாவளி போயிற்று. போன் வரவில்லை.

நவம்பர் கூட்டத்தில், வழக்கப்படி அந்த மாதத்துச் செய்திகளைத் தலைவர் படிக்க வேண்டும். தாளைத் தயாரித்தவர் புதுச் செயலாளர் ஸ்ரீவித்யா. கோகிலவாணி முன்னதாக அதைப் பார்த்திருக்கவில்லை. எழுந்து நின்று படித்தாள். உறுப்பினர் ஒருவரின் மகளுக்குத் திருமணம். பள்ளிக்குக் குடிநீர் இயந்திரம். மூன்றாவது செய்தி: "நமது முன்னாள் தலைவர் திரு. அரிகிருஷ்ணன் அவர்கள் உடல்நலக் குறைவு காரணமாக, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, துணைவியாருடன் ஓசூரில் உள்ள மகள் சத்யப்ரியா இல்லத்துக்குக் கடந்த வாரம் குடிபெயர்ந்தார். அவர் நலம் பெற வாழ்த்துகிறோம்."

படித்து முடித்த பிறகுதான் படித்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. கடந்த வாரம். தன் கடையிலிருந்து மூன்று தெரு தள்ளி. லாரி வந்திருக்கும், சாமான் ஏற்றியிருப்பார்கள். அவள் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

நான்காவது செய்தி தாளில் இருந்தது. எழுத்து தெரிந்தது, படிக்க முடியவில்லை. உறுப்பினர்கள் காத்திருந்தார்கள். அவள் குரல் கேட்கவில்லை என்று நினைத்து யாரோ மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்கள்.

தினகரன் எழுந்து வந்து அவள் கையிலிருந்து தாளை மெதுவாக வாங்கிக்கொண்டார். "உக்காருங்க மேடம்," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இருபத்தி நாலாம் தேதி டெங்கு தடுப்பு முகாம், காலை ஆறரைக்கு எல்லாரும் வந்துடணும்," என்று படிக்கத் தொடங்கினார்.