அரை டம்ளர் பால்

நூல் மில்லில் ஏணியிலிருந்து விழுந்த பொன்னுராஜ், ராஜபாளையத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. மூளை வீங்கியிருந்தது. தலைமாட்டை உயர்த்திப் படுக்கவைத்து, மூக்குக் குழாய் வழியே ஆகாரம் கொடுத்தார்கள்.

"வாயில சொட்டுத் தண்ணிகூட விடக்கூடாது, நுரையீரலுக்குள்ள போயிரும்" என்று நர்ஸ் சொன்னதை, அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய அவர் மகள் தங்கக்கனி தன் அம்மா பரிபூரணத்திடம் பத்துத் தடவை திருப்பிச் சொல்லியிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் பரிபூரணம் மட்டும் உள்ளே போய்வந்தாள். மதியத்துக்குள் பொன்னுராஜுக்கு மூச்சு இரைத்தது, காய்ச்சல் கொதித்தது. மறுநாள் உயிர் போய்விட்டது.

அம்மாவின் பைக்குள் பால் காய்ந்த டம்ளரைப் பார்த்ததும் தங்கக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எம்புட்டுச் சொன்னேன் ஒங்கிட்ட?"

"ஏட்டி, குழாயில விட்டா வயிறுதான் நெறையும், நாக்கு நனையுமா? ஒங்கப்பா பசி தாங்க மாட்டாவ. அரை டம்ளர்தான் குடுத்தேன்." பரிபூரணம் மகளின் முகத்தையே பார்த்தாள். "அதனாலயா போயிட்டாவ?"

தங்கக்கனி யாரிடமும் எதையும் பூசி மெழுகிப் பேசியவள் இல்லை.

"இல்லம்மா. தலையில அடி பலம். அதான்."

சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் தேய்த்தாள்.