கோட்டை அகழியில் சிவப்பு மீன்

கப்பல் ஏறும்போதே என் வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், இன்றைக்கு ஒரு நாளாவது மீனைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாதென்று. தோகுஜியும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். எங்கள் தீவில் காலமெல்லாம் மீன்கடை நடத்துகிற மனுஷன். தூக்கத்தில்கூட மீன் விலைதான் சொல்வார். எனக்கு நம்பிக்கையே இல்லை.

விஷயம் லேசானதில்லை. எங்களுக்கு ஒரே பெண், சிகுசா. அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் கெய்ச்சி, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, எங்கள் குடும்பப் பெயரை ஏற்று, கடையையும் எடுத்து நடத்தத் தயாராக இருந்தான். பாங்கு வேலையை விடாமல், விடுமுறை தோறும் கப்பலேறி வந்து மீன் வெட்டப் பழகினான். தங்கமான பிள்ளை. ஆனால் அவன் அம்மா ஷிசுயோவுக்கும் அவன் ஒருத்தன்தானே! புருஷன் போன பிறகு தனியாளாக வளர்த்தவர். மகனை எங்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தார். அதற்குத் தம் ஊர்க் கோட்டைக்கு வரச் சொல்லியிருந்தார்.

வேறு இடமே கிடைக்கவில்லையா? மற்றக் கோட்டைகளில் அகழி என்றால் பாசித் தண்ணீர். இங்கே ஓடுவது கடல்நீர். கோபுரம் எப்போதோ போய், கல் மேடு மட்டும் நிற்கிறது. மதகு வழியாக அலை ஏறி இறங்க, உள்ளே எங்கள் பக்கம் நிச்சயதார்த்தத்துக்குச் சீராக வைக்கிற அதே சிவப்பு மீன்கள் கொழுத்துத் திரிகின்றன. படகில் போய் அவற்றுக்கு இரை போடுவதுதான் அங்கே வேடிக்கை. பாலுக்குப் பூனை காவல் என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் என் வீட்டுக்காரர் கைகளை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஷிசுயோ பட்டுக் கிமோனோ கசங்காமல் அமர்ந்து, இரையை ஒவ்வொன்றாகப் போட்டார். சிகுசா கெய்ச்சி பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இரைக்கு முண்டியடித்த மீன்களில் ஒன்று எம்பி, நேராக ஷிசுயோவின் மடியில் விழுந்து, அங்கிருந்து படகுக்குள் துள்ளியது.

"கண்ணைப் பொத்துடா!" என்று கத்திவிட்டார் என் வீட்டுக்காரர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கெய்ச்சி கழுத்துத் துண்டைத் தண்ணீரில் முக்கி மீனின் கண்மேல் போட்டு அமுக்கியிருந்தான். மீன் அப்படியே அடங்கியது. அதோடு நிறுத்தினானா? இன்னொரு கையின் கட்டைவிரல் கண்ணுக்குப் பின்னால், கடையில் மீனைக் கொல்ல ஊசி இறக்குகிற இடத்தைத் தேடிப் போய் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. பெற்ற தாய் கண்முன்னே கோட்டை மீனைக் கொல்லப் போகிறானே!

"டேய், விட்டுடு. இது கடை மீன் இல்லை" என்றார் என் வீட்டுக்காரர்.

கெய்ச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. காதுவரை சிவந்துபோய், இரண்டு கையாலும் மீனை ஏந்தித் தண்ணீருக்குள் இறக்கினான். அது கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுப் போனது. எல்லாம் கெட்டது என்று நான் என் வீட்டுக்காரரின் தொடையைக் கிள்ளினேன்.

ஷிசுயோ கிமோனோவில் ஒட்டியிருந்த செதிலை எடுத்தார். அதை எறியாமல் விரலில் வைத்துக்கொண்டு, மகனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல இவன் மீனைத் தொடவே மாட்டான். முள்ளெடுத்து நான்தான் ஊட்டணும்" என்றார்.

படகு மதகுப் பக்கம் திரும்பியதும் அவரே மறுபடி பேசினார்.

"பையன் உங்க வீட்டுக்கு வர்றதால, நிச்சயத்துக்கு மீன் நீங்கதானே கொண்டுவரணும், சம்பந்தி? நல்லதாப் பார்த்துக் கொண்டுவாங்க. இவன் தொட்டுப் பார்த்தே குறை சொல்லிடுவான்."

சிகுசா அழுதுவிட்டாள். நானும்தான். அன்றைக்கென்று பார்த்து என் வீட்டுக்காரருக்கு வாய் அடைத்துப்போனது. எழுந்து வணங்கப் போய், படகு ஆடி, படகோட்டியிடம் திட்டு வாங்கினார்.

திரும்பும்போது கப்பலில்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார், அந்த மீன் என்ன எடை இருக்குமென்று. தீவு வரும்வரை அதே பேச்சுதான். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.