பந்திக்கு வந்தவளுக்கு ஒரு சீட்டு

இரண்டாயிரத்து ஏழு, ஆனி மாத முகூர்த்த நாள். லாஸ்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாலாவின் கணவன் வழிச் சொந்தத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்துவிட்டது. பந்திக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. பாகூர்ப் பக்கத்துச் சனமெல்லாம் படியிலும் வாசலிலும் நின்று, சாம்பார் வாசனையை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டடத்தில் அன்றுதான் பொதுக் கொள்கை உயர்கல்வி மையம் திறந்திருந்தார்கள். முதல் வருட மாணவர்களுக்கு வரவேற்பு விழா. இயக்குநர் இளஞ்செழியன் டெல்லியில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். அரசாங்கம் எப்படி நடக்கவேண்டும் என்பதைப் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதியவர். எப்படி நடக்கிறது என்பது அவருக்கு அன்று காலைதான் தெரியவந்தது. விழாவுக்கு வரவிருந்த அமைச்சரின் உதவியாளர் முன்கூட்டியே வந்து, கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். இருநூறு நாற்காலி, பன்னிரண்டு மாணவர்கள்.

"காலி நாற்காலிய பாத்தா ஐயாவுக்கு எலெக்ஷன் ஞாபகம் வந்துடும் சார். வண்டிய விட்டு எறங்க மாட்டாரு. ஆள போடுங்க."

"இது முதுகலைப் படிப்பு. சேர்ந்ததே பன்னெண்டு பேர்தான்," என்றார் இளஞ்செழியன்.

"அது உங்க பிரச்சனை."

மையத்தின் நிர்வாக அதிகாரி பெஞ்சமேன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்; ஊர் வழக்கில் சொல்தா. சும்மா வீட்டிலிருந்தால் மனைவி வேலை வைப்பாள் என்று இங்கே சேர்ந்திருந்தார். அவர் இயக்குநரின் தோளைத் தட்டினார்.

"மெஸ்யே, கவலப்படாதீங்க. பக்கத்துலயே ஒரு பட்டாளம் பசியோட நிக்குது."

மண்டப வாசலில் வந்து நின்று, பெஞ்சமேன் கையைத் தூக்கினார். "உள்ள ஃபேன் இருக்குது, காப்பி இருக்குது, ஆளுக்கு ரெண்டு கேக்கு. ஒரு மணி நேரம் உக்காந்து கைய தட்டுனா போதும்."

கேக்கு என்றதும் பாதிக் கல்யாணம் கிளம்பி வந்தது. மாலாவும் வந்தாள். அவளுக்குக் கேக்கு மேல் அவ்வளவு ஆசையில்லை. குழந்தை ஏன் இல்லை என்று கேட்பதற்காக ஒரு பெரியம்மா இவளையே பார்த்துக்கொண்டு வந்ததுதான் காரணம்.

அமைச்சர் வந்தார். கூடம் நிறையப் பட்டுப்புடவையும் ஜரிகை வேட்டியும் கண்டு பூரித்துப்போனார். "இவ்ளோ மரியாதையா உடுத்திக்கிட்டு வர்ற மாணவர்கள நான் பாத்ததே இல்ல," என்றார். இளஞ்செழியன் கண்ணை மூடிக்கொண்டார்.

மாணவர்களுக்கு ரோஜாப்பூக் கொடுப்பது நிகழ்ச்சியில் இருந்தது. அமைச்சர் மேடையை விட்டு இறங்கி, வரிசை வரிசையாகக் கொடுக்க ஆரம்பித்தார். உண்மையான பன்னிரண்டு மாணவர்களும் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பூ போய்ச் சேரவேயில்லை. வெற்றிலை குதப்பிக்கொண்டிருந்த பக்கிரி என்ற பெரியவருக்குக் கிடைத்தது. "இந்த வயசுலயும் படிப்பா?" என்று அமைச்சர் உருகினார். வாயைத் திறந்தால் எச்சில் தெறிக்கும் என்பதால் பக்கிரி கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்து மாலா. அமைச்சர் மைக்கை அவள் முன்னால் நீட்டினார்.

"நீ எதுக்கும்மா இந்தப் படிப்புக்கு வந்த?"

கேக்குக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது. மனதில் முதலில் எது வந்ததோ அதைச் சொன்னாள். "எங்க ஊரு பஸ்ஸ எதுக்கு நிறுத்துனாங்கன்னு யாரக் கேட்டாலும் சொல்ல மாட்றாங்க. எங்க போயி யாரக் கேட்டா தெரியும்னு கத்துக்கலாம்னு வந்தேன்."

கூட்டத்தில் பாதி அதே ஊர். கை தட்டல் நிற்கவே இல்லை. கை தட்டல் எதற்கென்று அமைச்சர் யோசிக்கவில்லை. கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்தப் பொண்ணுக்குப் படிப்பு முடியிற வரைக்கும் ஃபீஸ் கெடையாது. இந்த மேடையிலயே சொல்லிட்டேன்," என்றார், மேடைக்குக் கீழே நின்றுகொண்டு. காமிராக்கள் மின்னின.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அதற்கடுத்த நாள், கணவன் பலராமனின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மாலா மையத்துக்கு வந்து இறங்கினாள்.

இளஞ்செழியன் நாற்காலியைக் காட்டினார். "அம்மா, அன்னிக்கு நடந்தது ஒரு குழப்பம். அமைச்சர் ஏதோ உற்சாகத்துல சொல்லிட்டார். நீங்க மறந்துடுங்க."

"அமைச்சர் பொய் சொன்னாருங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப நெசந்தானே."

இளஞ்செழியன் தண்ணீர் குடித்தார். அரசாங்கத்தில் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி பற்றி அவர் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார். அது இப்போது எதற்கும் உதவவில்லை.

"டிகிரி இருக்கா உங்களுக்கு?"

"பி.ஏ. எகனாமிக்ஸ், தாகூர் காலேஜ். ரிசல்ட்டு வந்த வாரமே கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க. பன்னெண்டு வருசம் ஆச்சு. எல்லாம் மறந்துபோச்சி."

பெஞ்சமேன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மெஸ்யே, நுழைவுத் தேர்வு எழுதட்டும். தேறலைன்னா நம்ம மேல தப்பில்ல. தேறிட்டா அமைச்சருக்குப் பெருமை. ரெண்டு பக்கமும் நாம தப்பிச்சோம்."

அன்று அந்த மையத்தில் எடுக்கப்பட்ட முதல் உருப்படியான கொள்கை முடிவு அதுதான்.

வெளியே வந்ததும் பலராமன் கேட்டான். "நீ நெசமாவே படிக்கப்போறியா? மாட்ட யாரு பாக்கறது?"

"நீங்கதான்."

"கன்னுக்குட்டி என்ன கண்டாலே முட்டுது."

"பழகிடும்," என்றாள்.

பத்து நாள் வீட்டில் சமையல் ஒழுங்காக நடக்கவில்லை. பலராமன் மூன்று முறை முட்டு வாங்கினான். மாலா பழைய புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு, புரியாத பக்கங்களில் அழுதாள்; புரிந்த பக்கங்களில் அவற்றை எழுதியவனைத் திட்டினாள். தேர்வு எழுதினாள். இளஞ்செழியன் முடிவைச் சொன்னபோது குரல் துக்கம் விசாரிப்பவரைப் போல இருந்தது.

"தேறிட்டீங்க. கடைசி இடம்."

"கடைசின்னாலும் உள்ளதானே சார்?"

அவரை அறியாமலே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அது முதல் சிரிப்பு. "உள்ளதான்," என்றார். பெஞ்சமேன் எங்கிருந்தோ ஒரு ரோஜா கொண்டுவந்து கொடுக்கப் பார்த்தார். வேண்டாம், ஒன்று வாங்கியாகிவிட்டது என்றாள்.

முதல் நாள் வகுப்பில் புள்ளியியல். மற்ற பன்னிரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். எல்லாருக்கும் புரிகிறது, தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்து மாலா வெட்கப்பட்டாள். இடைவேளையில் பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெதுவாக விளக்கம் கேட்டாள். அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணும் புரியலக்கா. அவன் ஆட்டுறான்னு நானும் ஆட்டுனேன்," என்றாள். விசாரித்ததில் அவனுக்கும் புரியவில்லை. மாலைக்குள் இன்னொருவனையும் சேர்த்து அவர்கள் நாலு பேராகப் பேராசிரியரை மறித்து, திரும்ப முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள்.

வாசலில் பலராமன் வண்டியோடு நின்றிருந்தான். வேட்டியெல்லாம் சாணி.

"எப்டி இருந்துச்சி?"

"தல வலிக்குது."

வண்டி கிளம்பியது. முருங்கப்பாக்கம் தாண்டுவதற்குள், பட்ட பாடெல்லாம் வீணாகப் போய்விட்டதோ என்று அவனுக்குக் கவலையாகிவிட்டது. வண்டியை மெதுவாக்கினான்.

"புடிக்கலன்னா உட்டுடு மாலா. யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

"நாளைக்கு அர மணி முன்னாடியே கெளம்பணும்," என்றாள் அவள். "முன்னாடி பெஞ்ச ஒருத்தன் வந்து புடிச்சிக்கறான்."