ஒரு மடக்கு முந்தி

மலையாண்டிக்கு வயிறு எரிந்தது. மணமேல்குடியில் அறந்தாங்கி ரோட்டோரம், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் டீக்கடை போட்டு எத்தனையோ வருஷமாகிறது. அத்தனை வருஷத்தில் இப்படி ஓர் எரிச்சலை அவர் வயிறு கண்டதில்லை. காரணம் எதிர்த்த கடை. எதிர்த்த கடைக்காரன் யாரோ எவனோ என்றால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். அவன் அய்யப்பன். மலையாண்டியின் ஒரே தங்கை செவந்தியைக் கட்டியவன்.

குவைத்திலிருந்து திரும்பி வந்து அய்யப்பன் கடை போட்டபோது மலையாண்டிதான் முதல் ஆளாகப் போய் டீ குடித்து, "நல்லாருக்கு மாப்ள" என்று வாழ்த்திவிட்டு வந்தார். அப்போதெல்லாம் அவருக்குப் பொறாமை கிடையாது. பொறாமைப்படுகிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். டீ சுமார். வடை செவந்தி போடுவது, அது மட்டும் பிரமாதம். சாயங்கால மேட்ச் என்றால் கூட்டம் பூராவும் மலையாண்டி கடையில்தான்.

இந்த வருஷம் கிரிக்கெட் சீசன் தொடங்கும் முன்னால் அய்யப்பன் கேபிள்காரரைக் கூப்பிட்டு செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஃபைபர் லைன் வந்து கடைக்குள் இறங்கியது. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி வந்தது. அதற்குச் சேனல் நம்பர் என்று எதுவும் கிடையாதாம். ஏதோ ஒரு ஆப்பைத் திறந்தால் மேட்ச் வருகிறது. மைதானத்துப் புல்லைத் தனித்தனியாகப் பார்க்கலாம். மலையாண்டி கடை டிவியில் புல்லும் பிட்சும் ஆட்டக்காரன் சட்டையும் எல்லாம் ஒரே நிறம்.

முதல் மேட்சுக்கே கூட்டம் ரோட்டைத் தாண்டிவிட்டது. போகட்டும், கூட்டம் என்றால் நாலு இடம் போகும் என்று மலையாண்டி தேற்றிக்கொண்டார். பிச்சைமுத்து போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பிச்சைமுத்து மீன் வண்டி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் மலையாண்டியோடு ஒரே பெஞ்சு, அப்புறம் கடையிலும் ஒரே பெஞ்சு. பாய்லருக்குப் பக்கத்து இடம் அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் மலையாண்டி முறைக்கிற முறைப்பில் தானாக எழுந்துவிடுவார்கள். இரண்டு பேரும் மேட்ச் பார்க்கும்போது அதிகம் பேசமாட்டார்கள். ஒருவர் "ம்ஹூம்" என்பார், மற்றவர் "அதான்" என்பார். மலையாண்டிக்கு உலகத்தில் சிநேகிதன் என்று இருந்தது அந்த ஒரே ஆள்.

"சும்மா ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்டா. பந்து நல்லாத் தெரியுதாம்ல" என்று போனவர், அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அடுத்த மேட்சுக்கும் அங்கேதான் போய் உட்கார்ந்தார். காலையில் மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து டீ குடித்தார், வண்டி பஞ்சரான கதையைச் சொன்னார், போனார். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட மலையாண்டிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"நம்மளும் அந்த நெட்ட இழுத்துருவோம்ங்க" என்றாள் அவர் மனைவி சுகுணா. "ஊரே மாத்திருச்சு."

"அவன் வெச்சதுக்கப்பறம் நான் வெச்சா, அவனப் பாத்து வெச்சேன்னு ஊரு சொல்லும்."

"வெக்காட்டி மட்டும் ஊரு சும்மா இருக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் கிளாஸ் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் சென்னைக்கு மேட்ச். கடையில் மலையாண்டியும், அறந்தாங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு ஆளும்தான். சென்னைக்கு விக்கெட் விழுந்தது. "போச்சுடா" என்று தலையில் கை வைத்த மலையாண்டி, பிச்சைமுத்துவின் முகம் எப்படிப் போகிறது பார்ப்போம் என்று எதிர்த்த கடையைப் பார்த்தார். அங்கே ஒருத்தன் முகத்திலும் ஒன்றையும் காணோம். பிச்சைமுத்து சாவகாசமாக வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் உட்கார்ந்து என்னத்தைப் பார்க்கிறான்கள் என்று நினைத்துக்கொண்டு மலையாண்டி ஒரு மடக்கு டீ குடித்து கிளாஸைக் கீழே வைத்தார். அப்போதுதான் அங்கே "அய்யய்யோ" என்று ஒரு சத்தம் எழும்பியது.

அடுத்து ஒரு பவுண்டரி. அதே கதை. அதற்கடுத்து சிக்ஸர். இவர் டிவியில் பந்து கூரைமேல் விழுந்து, ஒரு மடக்கு டீ உள்ளே போன பிறகுதான் அவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் கேபிள்காரர் ஆவுடையப்பனை வழியில் நிறுத்தி விவரம் கேட்டார்.

"நெட்டுல வர்றது சுத்திக்கிட்டுத்தாண்ணே வரும். நம்ம டிஷ்ல புடிச்சு நேரா விடுறோம். எப்பவும் நம்மதான் முந்தி" என்றார் ஆவுடையப்பன். பாதிப் பாக்ஸ் திரும்பி வந்துவிட்ட துக்கத்தில் அவர் அதைச் சொன்னார். மலையாண்டிக்குக் காதில் தேன் பாய்ந்தது.

அன்றிலிருந்து மலையாண்டி மேட்ச் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேட்ச் சொல்ல ஆரம்பித்தார். விக்கெட் என்றால் அடித்தொண்டையிலிருந்து "போச்சுடா". நாலு ரன் என்றால் ரோட்டைப் பார்த்து நின்று கைதட்டு. சிக்ஸர் என்றால் பாய்லர்மேல் கரண்டியால் மூன்று தட்டு. இங்கே நிற்காமல் போகிற பாயிண்ட் டூ பாயிண்ட் பஸ் டிரைவர்கூட ஒருமுறை வண்டியை நிறுத்தி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

வந்து கேட்க அய்யப்பனால் முடியாது. பெண் கொடுத்த வீட்டு மச்சானை நடுரோட்டில் வைத்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ராத்திரி அவன் செவந்தி கையால் சோறு தின்ன முடியுமா? மாமன் மச்சான் விவகாரத்தில் தலையிட வேறு எவனுக்கும் துணிச்சல் வராது. இதையெல்லாம் நன்றாக யோசித்து வைத்துக்கொண்டுதான் மலையாண்டி கத்தினார். முடிவு தெரிந்த மேட்சை எத்தனை நாளைக்குப் பார்ப்பான்? அலுத்துப்போய் பிச்சைமுத்து தானாக ரோட்டைத் தாண்டி வருவான் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரியாகத்தான் போவதுபோல் இருந்தது. இவர் சத்தம் கொடுத்ததும் அங்கே பேச்சு சட்டென்று நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் முன்னால் குனிந்து, கையை இறுக்கிக்கொண்டு, டிவியையே வெறிப்பார்கள். நல்லா அனுபவிங்கடா என்று மலையாண்டி உள்ளுக்குள் கறுவிக்கொள்வார். ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. அங்கே நாற்காலி கூடிக்கொண்டே போனது. புது ஆட்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். அந்த அய்யப்பனுக்கு அப்படி என்ன ராசி என்று நினைக்க நினைக்க அவருக்குத் தூக்கம் கெட்டது.

ஒருநாள் மத்தியானம் செவந்தி ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். "அதிமதுரம் போட்டுக் காச்சுனதுண்ணே. நேத்து ஒனக்குத் தொண்ட கம்மிப் போச்சாம்ல. அவுகதான் குடுத்துவிட்டாக."

"ஒன் வீட்டுக்காரன் காரியமில்லாம கஷாயம் குடுப்பானாக்கும்" என்றார் மலையாண்டி. சரிதான், வாயை அடைக்க லஞ்சம் வருகிறது, பயல் நன்றாக நொந்துபோயிருக்கிறான் என்று அவருக்கு ஒரே குளிர்ச்சி. கஷாயத்தை மிச்சம் வைக்காமல் குடித்தார். சாயங்காலம் குரல் கணீரென்று வந்தது.

"கடைக்கு வர்ற ரெண்டு பேருக்கு டீய ஆத்துறத விட்டுட்டு, எதுத்த கடைக்காக எதுக்குங்க தொண்டத் தண்ணி வத்தக் கத்துறீங்க?" என்று சுகுணா கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சீசனின் கடைசிக் கட்டத்தில் சென்னை ஜெயித்தே ஆக வேண்டிய மேட்ச் ஒன்று வந்தது. எதிர்த்த கடையில் உட்கார இடமில்லாமல் பைக்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சென்னை அடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மலையாண்டியின் டிவியில் படம் அப்படியே உறைந்தது. அப்புறம் கறுத்துப்போனது. தட்டிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார், ஆவுடையப்பனுக்குப் போன் போட்டார்.

"லைன நிப்பாட்டியாச்சுண்ணே. மிச்சம் கெடக்கிற நாலு வீட்டுக்காக ஓட்ட முடியல. காலையில வாரேன், ஒங்களுக்கும் நெட்டு போட்டுருவோம்" என்றார் ஆவுடையப்பன்.

மலையாண்டி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதிர்த்த கடையில் ஏதோ சத்தம் வந்தது, அடங்கியது. விக்கெட்டா ரன்னா என்று தெரியவில்லை. அப்போது பிச்சைமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். லாரி ஒன்று போகட்டும் என்று நின்று, ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்.

மலையாண்டி அவசரமாக ஒரு கிளாஸை எடுத்துக் கழுவினார். வந்துவிட்டான். ஒரு வார்த்தையும் கேட்கக்கூடாது, ஏன் போனாய் என்றுகூடக் கேட்கக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு, சர்க்கரை கம்மியாக, டிகாக்ஷன் தூக்கலாக ஒரு டீ போட்டார். பிச்சைமுத்து பாய்லர் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து கிளாஸை வாங்கிக்கொண்டார்.

"ஏன்டா சத்தத்தக் காணோம்? ஒடம்புக்கு முடியலயா?"

"கேபிள் போச்சு."

"அட, அதான பாத்தேன். அங்கிட்டு ஒருத்தனுக்கும் மேட்ச் ஓடல. மலையாண்டி அண்ணனுக்கு என்னாச்சு, போயிப் பாத்துட்டு வாங்கன்னு என்னையத் தொரத்துறாங்க."

மலையாண்டிக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"எதுக்காவா? நீ பாய்லரத் தட்டுனியன்னா அங்க ஒரு பய வடைய மெல்லமாட்டான்டா. அடுத்த பந்து சிக்ஸுன்னு தெரிஞ்சு போச்சு, எந்தப் பக்கம் தூக்கப் போறான்னு ஆளாளுக்குக் கையக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருப்போம். நீ போச்சுடான்னா, யாருடா அவுட்டுன்னு நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் பாப்போம். கட்டுமாவடிலேருந்தெல்லாம் பயலுக வர்றது எதுக்குன்னு நெனச்ச? வீட்டுலயுந்தான் அந்தப் பெரிய டிவி இருக்கு. ஒஞ் சத்தம் இருக்கா?"

மலையாண்டி கரண்டியைக் கீழே வைத்தார். கஷாயம் எதற்கு வந்தது என்று இப்போது தெரிந்தது. "அப்ப இங்கிட்டே வந்து ஒக்காந்து பாத்திருக்கலாம்லடா" என்றார்.

"இங்க ஒக்காந்தா ஒஞ் சத்தமும் படமும் ஒண்ணா வந்துருமேடா. அதுல என்னா இருக்கு?" பிச்சைமுத்து டீயை முடித்துவிட்டு எழுந்தார். "சரி, கேபிள்தான் போச்சே, எந்திரிச்சு வா. அங்கிட்டுப் போவோம்."

"போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் சுகுணா.

மலையாண்டி போனார். போகக்கூடாது என்றுதான் நினைத்தார், கால் பிச்சைமுத்து பின்னால் போய்விட்டது. அய்யப்பன் எழுந்து ஓடி வந்தான். "வாங்க மச்சான், வாங்க" என்று தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்து, முன்வரிசையில் பிச்சைமுத்து பக்கத்தில் போட்டான். செவந்தி சூடாக இரண்டு வடை கொண்டுவந்து கொடுத்தாள். சீசன் பூராவும் மலையாண்டி எதற்காக வெந்துகொண்டிருந்தாரோ அது கிடைத்துவிட்டது. பிச்சைமுத்து அருகில் அவர், எதிரே மேட்ச், புல் ஒவ்வொன்றும் தெரிகிறது.

பந்து வீச ஆள் ஓடி வந்தான். அடித்தது உயரமாகப் போய்க் கூட்டத்துக்குள் விழுந்தது. நாலைந்து பேர் கடமைக்குக் கைதட்டினார்கள். மலையாண்டி ஆசையோடு பக்கத்தில் திரும்பி "அதான்" என்றார்.

பிச்சைமுத்து டிவியைப் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அங்கிட்டு, ஆவி விட்டுக்கொண்டிருக்கிற பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ப்ச், நீ மட்டும் அங்க இருந்திருந்தா இன்னேரம் பாய்லர் நசுங்கியிருக்கும்" என்றார்.

கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையாண்டியும் பார்த்தார். கொஞ்சம் முன்புவரை அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தானே ஒரு ஆள், அவன்மேல் வந்தது பாருங்கள் அவருக்கு ஒரு பொறாமை, அய்யப்பன்மேல்கூட அவ்வளவு வந்ததில்லை.