மாங்காய் காய்ந்த கண்ணாடி

எண்பத்தாறில் எங்கள் வீட்டுக்கு நாலு சக்கரம். பம்பாய் சீத்தா கேம்ப் மைதானத்து ஓரமாய் நின்ற ஒரு பழைய ரொட்டி வேன். என் வீட்டுக்காரர் அப்துல் ரவூப் வெல்டர். ஐரோலிப் பக்கம் வேலை வந்தால் வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கூரைமேல் ஒரு சோலார் பிளேட், கப்பல் உடைக்கிற இடத்தில் வாங்கியது. பகலெல்லாம் அது பேட்டரியை நிரப்பும். ராத்திரி ஒரு குட்டி ஃபேன் ஓடும். அந்தக் காற்றின் சுகத்தை இன்று வரை எந்த ஏசியிலும் நான் கண்டதில்லை.

அந்தச் சித்திரையில் ஃபேன் பாதியிலேயே நின்றுபோக ஆரம்பித்தது. எனக்கு அப்போது ஐந்து மாதம். தகர வேனுக்குள் வெந்துபோனேன். மேலப்பாளையத்திலிருந்து உம்மா வரச்சொல்லிக் கடிதமாய்ப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே?

"இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்பவும் ஃபேன் ஓடலைன்னா ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தந்துருங்க."

அவர் முகம் தொங்கிப்போனது.

நான் செய்துகொண்டிருந்த திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்குப் புளிப்பு கேட்டது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டுகளைக் காயவைக்க அந்தக் கூரையை விட்டால் இடமில்லை. பிளேட்டின் கண்ணாடி நன்றாகச் சுடும். ஏணியில் ஏறக்கூடாது என்று அவர் கண்டித்திருந்ததால், வேலைக்குப் போனதும் ஏறிப் பரப்பி, வருவதற்குள் அள்ளிவிடுவேன். வெயிலை மறைத்தால் கரண்டு வராது என்பது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, விரலில் வெள்ளையாக ஒட்டியதைச் சட்டையில் துடைத்தபடி இறங்கினார்.

"கடக்காத்துல உப்பு படிஞ்சிருக்கு, புள்ள" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அந்த வாரமே இன்னொரு பிளேட்டைச் சுமந்துகொண்டு வந்தார், பழையதைவிடப் பெரியது. புதியதைக் கூரையில் மாட்டினார். பழையதை இறக்கி, பானெட்டின்மேல் என் இடுப்பு உயரத்துக்குச் சட்டம் பற்றவைத்து, அதில் முடுக்கினார்.

"மேல ரெண்டு இருந்தா காத்து தூக்கிரும். ரெண்டும் சேந்துதான் இனி ஓட்டும்" என்றார். வேறு வேலைக்கு வேண்டுமென்று ஏணியையும் கழற்றிவிட்டார்.

அன்றிலிருந்து விடியற்காலை சுபுஹு பாங்கு வரைக்கும் ஃபேன் ஓடியது. நான் ஊருக்குப் போகவில்லை. மாங்காயும் ஜோராகக் காய்ந்தது, பானெட்டில். இந்த மனுஷனை என்னமாய் ஏமாற்றுகிறேன் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். மகள் ஷரீஃபுன்னிசா பம்பாயில்தான் பிறந்தாள்.

மூன்று வருஷம் கழித்துத் தாராவியில் அறை கிடைத்தது. வேனை விற்கும் நாளில் பானெட் பிளேட்டைக் கழற்ற அவருக்கு உதவினேன். அடியில் இருந்த வயரைச் சுருட்டி, டேப் சுற்றி வைத்திருந்தது. அது எங்கேயும் போகவில்லை.

"இது ஓடவே இல்லையா?"

"மாங்கா காய வேண்டாமா?"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? ஒத்த பிளேட்டே போதுமா இருந்திருக்கும்லா?"

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சொன்னா நீ மாங்காய விட்டிருப்ப."