புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கலாம்

கை தட்டுகிறார்கள், ஒரு சபை முழுக்க உட்கார்ந்துகொண்டு அவளை அண்ணாந்து பார்த்துக் கை தட்டுகிறது, மின்விசிறிக் காற்றில் நழுவி நழுவி விழும் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வயலட் டீச்சர் நிற்கிறாள், இன்னொரு கைக்கு மைக் வந்து சேர்ந்திருக்கிறது, பேரைச் சொல்லுங்கம்மா, ஊரைச் சொல்லுங்கம்மா, எதுக்காக ஜெபிக்கணும்னு சொல்லுங்கம்மா என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயசைத்துக் காட்டுகிறாள், இது எந்தச் சபை, பல்லாவரமா, பெருங்களத்தூரா, எதுவாக இருந்தால் என்ன, அந்த நேரம் எல்லாச் சபையிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அறிவிப்புகள் முடிந்ததும் பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்றைக்குப் புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கலாம் என்பார், அவள் எழுந்து நிற்பாள். வயலட், ரிட்டையர்டு டீச்சர், தின்னவேலிப் பக்கம், ஒரே மகன், டைட்டஸ், பெங்களூர்ல வேலை பாக்கான், அவனுக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க. அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல இருந்தது, அவ்வளவைச் சொல்வதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மின்சார ரயில் ஏறினாள்.

வரவேற்பில்தான் எத்தனை தினுசு, குரோம்பேட்டையில் முள்ளைக்கூட எடுக்காமல் ஒரு ரோஜாப்பூ, பல்லாவரத்தில் சபையின் பேர் அச்சடித்த பேனா, அது மறுநாளே எழுதவில்லை, தாம்பரத்தில் தனி அறைக்குக் கூட்டிப்போய் கேசரியும் டீயும் கொடுத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உபசரித்தார்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயாருக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது, அடேயப்பா. ஆனால் எல்லாம் ஒரு வாரத்து மரியாதைதான், மற்றவர்களுக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறாள், இரண்டாம் வாரம் போனால் வாசலில் நிற்கிறவர் தலையை மட்டும் ஆட்டுவார், மூன்றாம் வாரம் கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா என்பார்கள், அதற்கப்புறம் நம் பேர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது, அதனால் எந்தச் சபைக்கும் அவள் இரண்டாம் முறை போனதில்லை. பூவுக்கும் கேசரிக்குமா போனாள், பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் டைட்டஸ் என்று சொல்வதைக் கேட்கப் போனாள், ஆண்டவரே டைட்டஸ் தம்பியை பெங்களூர் பட்டணத்தில் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொல்ல, முன்பின் தெரியாத ஒரு கூட்டமே ஆமென் என்று சொல்வதைக் கேட்கப் போனாள். பல்லாவரத்தில் அவன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று ஜெபித்தார்கள், ஆகிவிட்டது, பெருங்களத்தூரில் நல்ல இடத்தில் பெண் அமைய ஜெபித்தார்கள், அமைந்துவிட்டது, வண்டலூரில் மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு டீச்சருக்கே வெட்கம் வந்து சிரித்தாள், ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்து எத்தனையாவது மாசம் என்று கேட்டாள், அஞ்சு என்று வாய் சொல்லிற்று. திரும்பும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பெங்களூர் வருகிறது, மூன்றாவது மாடி வீடு, பால்கனிக் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்கின்றன, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டைட்டஸ் எட்டிப் பார்க்கிறான், ஏம்மா இவ்வளவு நேரம், காப்பி ஆறிப்போச்சு என்கிறான், இந்தா வந்துட்டேம்லா என்கிறாள் டீச்சர் வாய்விட்டு, எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார், அதற்குள் தாம்பரம் வந்துவிடுகிறது.

டைட்டஸ் பெங்களூருக்குப் போனதே இல்லை. போக இருந்தான், வேலைக்கு ஆர்டர் வந்து, பெட்டி கட்டி, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்து, மறுநாள் சாயங்காலம் ரயில், அன்று மத்தியானம் பின்னறைக் கதவைச் சாத்தியவன் அதைத் திறக்கவில்லை, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான், நாலு வருஷமாக அவளும் கேட்டுப் பார்க்கிறாள், ஊரை விட்டுப் போகப் பயந்தானா, யாரும் ஏமாற்றினார்களா, அப்பா இல்லாத பிள்ளை என்று நான்தான் அளவுக்கு மீறிக் கண்டித்துவிட்டேனா, கேட்டுக் கேட்டுக் கேள்விதான் தேய்ந்தது. அன்றைக்குக் கோயில் மணி அடிக்கவில்லை, அவளும் அவனும் ஞானஸ்நானம் வாங்கிய கோயில், ஊரில் யார் செத்தாலும் துக்கமணி அடிக்கிற கோயில், சபைக் குரு வந்தார், அங்கே அவரை ஐயர் என்றுதான் சொல்வது, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீச்சர், தானா முடிச்சிக்கிட்டவங்களுக்குக் கோயிலுக்குள்ள இடம் இல்ல, அடக்க ஜெபமும் கிடையாது, நான் என்ன செய்ய, சட்டம் அப்படி என்றார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, கலங்கி யாருக்கு என்ன பிரயோஜனம். கல்லறைத் தோட்டத்துப் பின்சுவர் ஓரமாக உடைமரத்தடியில் குழி வெட்டியிருக்கிறார்கள், பாட்டு இல்லை, ஜெபம் இல்லை, ஜெபம் இருந்தால்தானே ஆமென் சொல்ல, ஆம்பிளைகள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள், அவள் அண்ணன் மூன்று பிடி மண்ணைப் போட்டுவிட்டு, சரி, வா வயலட்டு, போவோம் என்கிறான், எது சரி, என்னத்தைச் சரி, முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் அது முடியவே இல்லை.

அதற்குப் பிறகும் அந்தக் கோயிலுக்குப் போகத்தான் செய்தாள், எப்போதும் உட்காரும் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள், பக்கத்தில் இரண்டு ஆள் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது, யாரும் பொல்லாதவர்கள் இல்லை, என்ன பேசுவதென்று தெரியாதவர்கள், பேசாமலே இருந்துவிட்டார்கள், பேசின ஒருத்தியும் பிள்ளையை ஜெபத்துல வளத்திருந்தா இப்படி ஆகுமா டீச்சர் என்றாள், அந்த ஒன்றுக்கு ஊமையாக இருந்தவர்களே தேவலை. வீட்டைப் பூட்டிக்கொண்டு குரோம்பேட்டைக்கு வந்தாள், அண்ணன் மகள் ஒரு மாடி போர்ஷன் பார்த்துக் கொடுத்தாள், முதல் ஞாயிற்றுக்கிழமை தெருமுனைச் சபையில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு ஓசைப்படாமல் வந்துவிடலாம் என்றுதான் போனது, எழுப்பி நிறுத்திவிட்டார்கள், ரோஜாப்பூவோடு வந்தவள் சும்மா இருக்காமல், பசங்க எத்தனை பேரும்மா என்று கேட்டாள், ஒருத்தன், பெங்களூர்ல இருக்கான், அவள் ஒன்றும் யோசித்துச் சொல்லவில்லை, பெட்டி கட்டி வைத்த ஊரின் பெயர், அதுதான் வாயில் இருந்தது. அன்றைக்கு ஒரு மனுஷர் டைட்டஸின் பேரை மைக்கில் சொல்லி ஜெபித்தார், சொந்தக் கோயிலில் ஒரு ஜெபத்துக்கு வழியில்லாதவனுக்கு, முகம் தெரியாத ஊரில் ஒரு சபையே ஆமென் போட்டது, வீட்டுக்கு வந்து டீச்சர் வயிறு நிறையச் சாப்பிட்டாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு.

ஊரப்பாக்கத்தில்தான் கற்பகத்திடம் மாட்டிக்கொண்டாள். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, அந்தச் சபையில் புதியவர்களை அறிமுகப்படுத்துகிற வேலை கற்பகத்துக்கு, ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள், புருஷன் அடித்துத் துரத்தியபோது இந்தச் சபைதான் என்னைச் சேர்த்துக்கிச்சு என்பாள். எல்லா ஊரிலும் புதியவர்களைச் சபைக்கு அறிமுகப்படுத்துவார்கள், கற்பகமோ கண்ணை இறுக மூடி, முகத்தைத் தகரத்துக்கு உயர்த்தி, நேரே கடவுளுக்கே அறிமுகப்படுத்துகிறாள், அப்பா, இவங்க பேரு வயலட்டு, ஊரு தின்னவேலி பக்கம், டீச்சரா இருந்தவங்க, இன்னிக்கி உங்க வூட்டுக்குப் புதுசா வந்துக்கீறாங்க, நல்லபடியா கவனிச்சுக்கங்க. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பிடித்த கையை ஷேர் ஆட்டோ வரை விடவில்லை அந்தப் பெண், அடுத்த வாரம் வரல, நானே வந்து இழுத்துனு போவேன் பாத்துக்க என்றாள். டீச்சர் இரண்டாம் வாரமும் போனாள், பழக்கதோஷம், புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பாஸ்டர் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள், ஐயே, நீ எதுக்கு எந்திரிக்கிற, நீ நம்ம ஆளு, குந்தும்மா என்றாள் கற்பகம் மைக்கிலேயே, சபையே சிரித்தது, டீச்சர் முகம் சிவந்து உட்கார்ந்தாள். ஆனால் ஆராதனை முடிந்ததும் கற்பகம் கேட்டாள், தம்பி எப்படிக்கீறாரு, போன் பண்ணாரா. அதை யாருமே கேட்டதில்லை, எப்படிக் கேட்பார்கள், எந்த ஊரிலும் டைட்டஸுக்கு இரண்டாம் வாரம் வந்ததே இல்லை. பண்ணான், சளி பிடிச்சிருக்காம் என்றாள் டீச்சர், மிளகு ரசம் வெச்சுக் குடிக்கச் சொல்லு என்றாள் கற்பகம், அதற்கடுத்த வாரம் சளி விட்டிருந்தது, பிறகு மருமகளுக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு, எட்டாம் மாசம், கற்பகம் ஒவ்வொரு வாரமும் கேட்பாள், ஒவ்வொரு வாரமும் டைட்டஸ் இருந்தான்.

ஒரு வியாழக்கிழமை, கடையைச் சீக்கிரம் எடுத்துவைத்துவிட்டுக் கற்பகம் குரோம்பேட்டைக்கே வந்து நின்றாள், ஒரு தூக்குச்சட்டியில் நெத்திலிக் குழம்பு, இன்னா டீச்சரம்மா, சொல்லாம கொள்ளாம வந்துட்டனா என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவள், சுவரைப் பார்த்தாள். டீச்சருக்கு அந்தப் படம் அங்கே இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது, இரண்டு தேதி போட்டு அண்ணன் கண்ணாடிச் சட்டம் அடித்துக் கொடுத்த படம், யாரும் வராத வீட்டில் யாருக்காகக் கழற்றுவது. யாரும்மா இது என்றாள் கற்பகம், கணவரின் தம்பி என்று சொல்லியிருக்கலாம், ஏதாவது சொல்லியிருக்கலாம், எத்தனை சபையில் சொன்ன வாய், பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே பொய் வரவில்லை, டைட்டஸ் என்றாள். கற்பகம் தேதியை எழுத்துக் கூட்டிப் படித்தாள், தூக்குச்சட்டியை இறக்கி வைத்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள், எல்லாவற்றையும் கேட்டாள், பின்னறை, ஐயர், உடைமரம், எல்லாவற்றையும் டீச்சர் சொன்னாள், அழுதது கற்பகம்தான். இத்தினி நாளா சளிக்கு ரசம் வெக்கச் சொன்னனேம்மா என்றாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஏ கற்பகம், சபையில சொல்லிராத தாயீ, உன்னைக் கெஞ்சிக் கேக்கேன், எங்கேயுமே இல்லாதவன், அங்க ஒரு இடத்துலயாவது இருந்துட்டுப் போகட்டும். கற்பகம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், எழுந்துபோய் அதே முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடத்தான் நினைத்தாள், கால் கேட்கவில்லை, அவன் இன்னும் அங்கே இருக்கிறானா என்று பார்க்க வேண்டியிருந்தது. அறிவிப்பு முடிந்தது, புதியவர்கள் என்று அன்றைக்கு யாரும் இல்லை, பாஸ்டர் கற்பகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாரும் எழுந்து நில்லுங்க என்றார், நாற்காலிகள் கிரீச்சிட ஒரு சபை முழுக்க எழுந்து நிற்கிறது, டீச்சர் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, வேண்டாம் கற்பகம், பாவி, வேண்டாம். கற்பகம் மைக்கை வாங்கினாள், கண்ணை மூடி முகத்தைத் தகரத்துக்கு உயர்த்தினாள், அப்பா, இவரு பேரு டைட்டஸு, ஊரு தின்னவேலி பக்கம், நம்ம டீச்சரம்மாவோட ஒரே புள்ள, நாலு வருசம் முன்னாடியே உங்க வூட்டுக்கு வந்துட்டாரு, தனியாத்தான் வந்தாரு, கூட வந்து சொல்லிவிட ஆளில்ல, சொல்ல வேண்டியவங்க சொல்லல, அதான் நாங்க இப்ப சொல்றோம். பொய் என்று கத்த டீச்சருக்கு வாய் வந்தது, அவன் பெங்களூரில் இருக்கிறான், மருமகளுக்கு இது நிறைமாசம், போன வாரம்கூடப் போன் பண்ணினான், நம்பி வீட்டுக்குள் விட்டேனே, என் பிள்ளையை இப்படி எல்லார் முன்னாலும் சாகடிக்கிறாயே, பால்கனியில் யாரோ துணியை எல்லாம் எடுத்துவிட்டிருக்கிறார்கள், கொடி மட்டும் ஆடுகிறது, டைட்டஸ், டைட்டஸ், அவன் எட்டிப் பார்க்கவில்லை, கற்பகத்தின் குரல்தான் கேட்கிறது, எந்த வழியா வந்தே, எதுக்கு இவ்ளோ சீக்கிரம் வந்தேன்னு கேக்காதீங்கப்பா, வாசல்ல நிக்க வெக்காதீங்க, பயந்த புள்ள, கையப் புடிச்சு உள்ள கூட்டினு போங்க, நல்ல எடமா பாத்து ஒக்கார வெய்யுங்க. ஆமென் என்றது சபை. யாரும் உட்காரவில்லை, கற்பகம் மைக்கை இறக்கிவிட்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாஸ்டரும் பார்த்தார், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. உடைமரத்தடியில் சொல்லியிருக்க வேண்டியது, நாலு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது, சொல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அவனை வைத்துக்கொள்ளலாம், அவளுக்குத் தெரியும். எல்லாரும் சொல்லி முடித்து வெகுநேரம் கழித்து, அவள் ஒருத்தியாக, ஆமென் என்றாள். அதோடு பெங்களூரில் அவளுக்கென்று யாரும் இல்லை.