மூன்று கொதி

சிவசாமி பாயில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, இந்த ஆள் வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று சோலைமலை முடிவு கட்டிவிட்டான். அவனைப் பொறுத்தவரை ஐந்து நிமிஷமே அதிகம். சந்தேகப்பட ஓர் ஆள் கிடைத்தால் சோலைமலைக்குச் சோறு வேண்டாம்.

இடம் இலங்கை மலைநாட்டு அட்டன் கடைவீதியில் முத்துலிங்கத்தின் இரும்புக்கடைப் பின்னறை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. வாரம் முழுக்க ஆணி நிறுக்கும் முத்துலிங்கம் அந்த அறையில் அட்டன் ரயில் ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தார். ரயிலுக்குக் காத்திருப்பவர் போல நடித்து, குடையாலேயே பிளாட்பாரத்தை அளந்து முடித்த மனிதர் அவர். சோலைமலை நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி அடிக்கும் தச்சன். அவன் கட்டியது ஸ்டோர் என்கிற தன் தோட்டத்துத் தேயிலை ஆலையை, நாலு மாடியோடு. இருவருக்கும் கணக்கு ஒன்றுதான்: நாலடிக்கு ஓரங்குலம். அரைக்கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார்கள். உலகத்தில் வேறு வேலை இல்லையா என்று முத்துலிங்கத்தின் மனைவி கேட்டுக்கேட்டு அலுத்துப்போனாள்.

அந்த அறைக்கு ஒரு சட்டமும் உண்டு. வருகிறவர் தனக்குத் தெரிந்த கைவேலைக் குறிப்பு ஒன்றையாவது சொல்ல வேண்டும். சொன்னால்தான் தேத்தண்ணியும் வடையும் வரும். தெரிந்ததை ஒளிக்கக்கூடாது, தெரியாததைக் கேட்க வெட்கப்படக்கூடாது. 1937ஆம் வருஷம் தை மாதத்தில் மூன்றாம் ஆளாகச் சிவசாமி வந்து சேரும்வரை அந்தச் சட்டம் ஒழுங்காக நடந்துவந்தது.

சிவசாமி சோலைமலையின் தோட்டத்துக்குப் புதிதாக வந்த மருந்துக்காரர். லயம் என்கிற வரிசைவீடுகளில் குடியிருந்த தோட்ட ஜனங்களுக்கு அவர் டாக்டரையா. தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் கண்டாக்கையாவோடு சரிக்குச் சரியாக நாற்காலி போட்டு உட்கார்கிறவர். அப்படிப்பட்டவர் ஒரு பெட்டித் தச்சனுக்குப் பக்கத்தில் பாயில் உட்காருவதா? உட்கார்ந்ததும் போதாமல், "தள்ளி உக்காராதீங்கண்ணே" என்று வேறு சொன்னார். எந்த உத்தியோகத்தர் லயத்துக்காரனை அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறார்? சோலைமலை இன்னும் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான்.

முத்துலிங்கம்தான் பேச்சைத் தொடங்கினார். "தண்டவாளத்துச் சல்லிக்கு வழி கண்டுபிடிச்சிட்டேன்யா. கசகசாவைப் பசையில தூவினா அச்சு அசல் சல்லிதான்."

"எறும்பு வந்துருமே முதலாளி."

"அதுக்குத்தான் கருகக் கருக வறுக்கணும். எறும்பு மோந்து பாத்துட்டுத் திரும்பிடும்."

சிவசாமி பையிலிருந்து இரண்டு சின்னக் கத்திகளை எடுத்தார். "கட்டி கீறுற கத்திங்க. மொண்ணையாயிட்டதுன்னு ஒதுக்கினது. எண்ணெய்க் கல்லுல நாலு இழுப்பு இழுத்தா அட்டையை நூல் பிசகாம வெட்டும்." ஆளுக்கொன்று கொடுத்தார். இது லஞ்சம் என்று சோலைமலை மனத்துக்குள் குறித்துக்கொண்டான். கத்தி நன்றாக இருந்ததால் வாங்கியும் கொண்டான்.

அவன் முறை வந்தபோதுதான் வாய் சறுக்கியது. "தகரக் கூரைக்கு ஈயத்தாளைச் சீப்பு மேல வச்சு விரலால அழுத்தி இழுங்க. மடிப்பு மடிப்பா வந்துரும்."

"அடடா!" என்றார் சிவசாமி. "ஈயத்தாள் எங்கண்ணே கிடைக்குது?"

சோலைமலை வடையை மென்றுகொண்டே இருந்தான். தேயிலை காற்றுப்படாமல் இருக்கப் பெட்டிக்குள் ஒட்டுவது ஈயத்தாள். வெட்டி மிஞ்சும் துண்டைக்கூட ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவனோ இடுப்பு மடிப்பில் வைத்துக் கொண்டுவந்து கூரை வேய்ந்திருந்தான். தெரிந்தால் பற்றுச்சீட்டு கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். வேலை போகும், வேலையோடு லயத்தில் அவனுக்கிருந்த ஒற்றைக் காம்பராவும் போகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அவன் பிறந்ததும் அதில்தான், மீனம்மாவைக் கட்டிக் கூட்டிவந்ததும் அதில்தான். அதை விட்டால் இந்த மலையில் அவனுக்கு நிற்க இடமில்லை.

"கீழ கிடந்துச்சுங்க" என்றான்.

சிவசாமி அதோடு விடவில்லை. "உங்க காம்பரா என்ன நீளம்ணே? கூரை எத்தனை அடி? அடுப்பு எந்த மூலையில? உள்ள எத்தனை பேர் படுக்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதினார். மறு மாதமும் வந்து எழுதினார்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை கண்டாக்கையா காவல்காரனோடு காம்பரா வாசலில் வந்து நின்றார். மீனம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிய நேரம். புகைக்குள் இருமிக்கொண்டே எழுந்து ஒதுங்கினாள். காவல்காரன் பாயை உதறினான், தகரப் பெட்டியைக் கவிழ்த்தான். அகப்பட்டது ஒரு பசைச் சட்டி மட்டும். ஸ்டோர் பொம்மை அட்டன் கடையில் இருந்ததால் சோலைமலை பிழைத்தான்.

"ஈயத் துண்டு ஒண்ணு கிடைச்சிருந்தாலும் இருபத்திநாலு மணி நேரத்துல சாமான் சட்டியோட கேட்டுக்கு வெளிய நின்னிருப்ப" என்று சொல்லிவிட்டுக் கண்டாக்கையா போனார்.

மீனம்மா சிதறிய சேலைகளை மடித்தாள். "யாரோ மூட்டிவிட்டிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ. டாக்டரையாதான்."

"அவரா? நல்ல மனுசனாட்டம் தெரியுதே. இருமல் மருந்துக்குப் போனா நின்னு விசாரிக்கிறாரு."

"அதுதான் சொல்றேன். எதுக்கு விசாரிக்கணும்?"

பங்குனி ஞாயிறன்று சிவசாமி வாடிய முகத்தோடு வந்தார். முத்துலிங்கம் கடை முன்பக்கம் யாருக்கோ மண்வெட்டி காட்டப் போயிருந்தார். அறையில் இவர்கள் இருவர்தான்.

"அண்ணே, ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கேன். என்னன்னு முடிஞ்சப்புறம் சொல்றேன். மூலை ஒட்டு நிக்க மாட்டேங்குது. வச்சிரப் பசையை எப்படிக் காய்ச்சுறீங்க?"

தோலைக் காய்ச்சி எடுத்த கட்டி அது. ஒரு சட்டித் தண்ணீருக்குள் இன்னொரு சட்டியை வைத்து, கை பொறுக்கிற சூட்டில் உருக்க வேண்டும். கொதித்தால் செத்துப்போகும். காய்ந்ததும் பிடித்ததுபோல் இருக்கும், மலை ஈரத்தில் இரண்டு நாளில் விட்டுவிடும். தச்சுவேலை பழகுகிறவன் முதல் நாளே கற்பது இது.

"நேரா அடுப்புல வச்சு நல்லாக் கொதிக்க விடுங்க" என்றான் சோலைமலை. "பொங்கி வரணும். இறக்கி ஆறவச்சு மறுபடி கொதிக்கணும். மூணு கொதி."

சிவசாமி நோட்டில் எழுதி, மூணு என்பதன் கீழே கோடு போட்டார். சோலைமலைக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்றைய வடை தனி ருசி.

பத்து நாள் கழித்து, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டிலேயே ஆள் வந்தது. ஆபீசுக்கு வரச் சொல்லி உத்தரவு. ஈயம்தான், வேறென்ன? மீனம்மாவிடம்கூடச் சொல்லாமல் மழைத் தூறலில் நடந்தான். ஆபீஸ் விறாந்தையில் கண்டாக்கையா நின்றிருந்தார்.

"பயப்படாத. டாக்டரையா என்னமோ கட்டிக் கொண்டாந்திருக்காரு. தச்சனக் கேட்டாத்தான் தெரியும்னு உன்னக் கூப்பிடச் சொன்னாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு வந்து தேடினதுக்கு மனசுல வச்சுக்காத. ஆணி வாங்கப் போனப்ப அந்த அட்டன் கடைக்காரர்தான், 'உங்க தச்சன் ஈயத்துல கூரை போட்டிருக்கான் பாருங்க, கண்ணு கூசும்'னு பெருமையடிச்சாரு. கேட்டப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா?"

முத்துலிங்கம்! ஓட்டை வாய் முதலாளி! அப்படியானால் டாக்டரையா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையின் மேசைமேல் ஒரு லயம் இருந்தது. பத்துக் காம்பரா, நாலடிக்கு ஓரங்குலம். தகர மடிப்பெல்லாம் சீப்பில் இழுத்தது. ஈயத்தாளுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தாளைச் சிவசாமி இழுத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு பின்சுவரிலும் ஒரு சன்னல் இருந்தது, ஒவ்வோர் அடுப்புக்கு மேலும் ஒரு புகைக்கூண்டு இருந்தது. அப்படி ஒரு லயம் அந்தத் தோட்டத்தில் கிடையாது.

"இந்த மூணு மாசத்துல புகை இருமலோட வந்தவங்க நாப்பத்தொரு பேருங்க" என்று சிவசாமி துரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பழைய பெட்டிப் பலகையிலேயே சன்னல் போட்டுறலாம். எப்படின்னு இவரு சொல்லுவாரு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவருதான்."

தொடாதீங்க தொரை என்று சொல்ல வேண்டியது இரண்டு சொல்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் ஈயக் கதையும் வெளியே வரும், காம்பரா போய்விடும். சோலைமலை மேசையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

துரை உள்ளே பார்க்கக் கூரையைத் தூக்கினார். கூரையோடு முன்சுவர் வந்தது. பின்சுவர் சன்னலோடு சரிந்தது. புகைக்கூண்டுகள் மேசையில் உருண்டன. துரை கையிலிருந்த கூரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

"சன்னல் வச்சது விழுகுது. சன்னல் இல்லாத லயம் முப்பது வருசம் நிக்குது. போதும், போ." பிறகு கேட்டார், "இந்தத் தச்சன்தான் உனக்குச் சொல்லித் தந்ததா?"

"அவர் சரியாத்தான் சொன்னாருங்க" என்றார் சிவசாமி. "என் கைதான் சரியில்ல."

இருவரும் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்தார்கள். ஸ்டோர் முக்கு வரை நடந்தார்கள். சோலைமலைக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. அங்கே சிவசாமி நின்று, பிரிந்த மூலையொன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நீங்க சொன்னபடி மூணு கொதிதான் விட்டேண்ணே. நாலாவதும் விட்டிருக்கணுமோ?"

சரி என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"கொதிக்கவே விடக்கூடாதுங்க" என்றான் சோலைமலை. "கொதிச்சா பசை செத்துரும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

சிவசாமி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். மூன்று மாதமாகச் சோலைமலை அவரை எப்படிப் பார்த்தானோ, அப்படியே பார்த்தார். பிறகு பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "சரி சோலைமலை, நீ வேலைக்குப் போ" என்றார்.